ஒரு பயணிக்கு ஒரே குறியீடு போதுமா?

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் உள்ள பயண முகவர் நிலையங்களில் ஒரு நாளைக்குப் பல தடவை கேட்கப்படும் கேள்வி இது: "அம்மாவுக்குச் சாப்பாடு வெஜ் தானே?" கேட்பவரின் கண் கணினித் திரையில் இருக்கிறது. பதில் சொல்பவர் பெரும்பாலும் அம்மா அல்ல. டொரண்டோவிலோ லண்டனிலோ இருந்து தொலைபேசியில் பேசும் மகன் "ஓம், வெஜ் போடுங்கோ" என்கிறார். நான்கு ஆங்கில எழுத்துகள் பதிவாகின்றன. எழுபதைத் தாண்டிய ஒரு பெண் அடுத்த இருபது மணி நேரம் எதைச் சாப்பிடுவார், சாப்பிடாமலே கிடப்பாரா என்பது அந்தச் சில விநாடிகளில் தீர்மானமாகிவிடுகிறது.

இந்தப் பயணங்கள் உல்லாசப் பயணங்கள் அல்ல. மகளின் பிரசவம், பேரப்பிள்ளையின் பிறந்தநாள், பேத்தியின் சாமத்தியச் சடங்கு, சில வேளைகளில் தன் பிள்ளையின் செத்த வீடு. இவற்றுக்காகத்தான் நமது முதியவர்கள் விமானம் ஏறுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே வந்து, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு லொட்ஜில் அல்லது சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறார்கள். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி, பொன்னம்பலவாணேஸ்வரருக்கு ஓர் அர்ச்சனை. இரண்டு கோயிலும் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் யார் சைவர், யார் கத்தோலிக்கர் என்று இந்தப் பகுதியில் யாரும் கேட்பதில்லை. பிறகு கட்டுநாயக்க. கனடா போவதென்றால் நேரடி விமானம் இல்லை. டோஹா, துபாய், அபுதாபி அல்லது லண்டனில் மாறி ஏற வேண்டும். குறைந்தது இரண்டு விமானம், மூன்று நான்கு வேளைச் சாப்பாடு, எல்லாம் எக்கனமி வகுப்பின் அந்தச் சிறிய மடக்கு மேசையில்.

அந்த நான்கு எழுத்து என்ன என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா, விசேட உணவுகளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட குறியீடுகளை வைத்திருக்கிறது. கொழும்பில் பதிந்த கோரிக்கை டோஹாவிலும் ஹீத்ரோவிலும் ஒரே விதமாக வாசிக்கப்பட வேண்டும் என்பதற்காக வந்த பொது மொழி அது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த மொழி தெரியாதவர்கள் அதில் இடறி விழுகிறார்கள். நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது "இந்து உணவு" என்ற பெயரில்தான். எச்.என்.எம்.எல். என்ற அந்தக் குறியீட்டின் கீழ் வருவது மரக்கறிச் சாப்பாடு அல்ல. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இருக்காது, அவ்வளவே. கோழியோ ஆட்டிறைச்சியோ மீனோ தாராளமாக வரும். இணையத்தில் தாமே பதிவு செய்யும் பிள்ளைகள், "அம்மா இந்து, ஆகவே இந்து உணவு" என்று எண்ணி அதை அழுத்துகிறார்கள். விரதக்காரி தட்டின் மூடியைத் திறந்தால் கோழிக்கறி.

நம் வீட்டு மரக்கறிச் சாப்பாட்டுக்குக் கிட்டிய குறியீடு ஏ.வி.எம்.எல். இந்திய முறையில் மசாலா சேர்த்தது. இறைச்சி, மீன், முட்டை இல்லை. பால், தயிர் உண்டு. வி.எல்.எம்.எல். என்பது மேற்கத்தைய மரக்கறி. அதில் முட்டை சேர்ந்திருக்கலாம். வி.ஜி.எம்.எல்.-இல் பால்கூடக் கிடையாது. தயிரும் மோரும் இல்லாமல் சோறு இறங்காதவர்களுக்கு அது உதவாது. விரத நாளில் வெங்காயமும் உள்ளியும் தொடாதவர்களுக்கு வி.ஜே.எம்.எல். என்ற சமண உணவு நெருங்கி வரும். உருளைக்கிழங்கு போன்ற கிழங்கு வகைகளும் அதில் இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இவற்றை எல்லாம் "வெஜ்" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டுப் போவது, முகவரின் நேரத்தை மிச்சம் பிடிக்கிறதே தவிர அம்மாவின் வயிற்றை நிரப்புவதில்லை.

கத்தோலிக்க வீடுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் சுத்தபோசனம் காக்கும் ஒருவர் மீன் சாப்பிடலாம், இறைச்சி கூடாது. கடலுணவுக்கென்று எஸ்.எஃப்.எம்.எல். என்ற குறியீடு பல நிறுவனங்களில் இருக்கிறது. ஆனால் கொச்சிக்கடையிலிருந்து பாரிஸ் போகும் ஒரு பாட்டியிடம் அதைச் சொன்னவர் யார்? மேற்கு நோக்கிப் பறக்கும்போது வெள்ளிக்கிழமை நீண்டுகொண்டே போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டுநாயக்கவில் சனி பிறந்த பிறகும் பாரிஸில் பல மணி நேரம் வெள்ளிதான். எந்த ஊரின் நேரத்தைக் கணக்கில் எடுப்பது என்று புறப்படுமுன் பங்குத் தந்தையிடம் கேட்டுக்கொள்பவர்களை நான் அறிவேன். பக்தி அவர்களுக்கு அவ்வளவு கவனமான காரியம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஒரு பயணிக்கு, ஒரு பயணப் பகுதிக்கு, ஒரே ஒரு விசேட உணவுக் குறியீட்டைத்தான் ஏற்கின்றன. மரக்கறி என்றால் மரக்கறி. நீரிழிவு என்றால் நீரிழிவு. இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. நீரிழிவுக்காரருக்கான டி.பி.எம்.எல். தட்டில் சீனியும் கொழுப்பும் குறைவு, நார்ச்சத்து அதிகம். ஆனால் அதில் பெரும்பாலும் கோழி அல்லது மீன் துண்டு இருக்கும். உயர் இரத்த அழுத்தக்காரருக்கான குறைந்த உப்பு உணவான எல்.எஸ்.எம்.எல்.-இன் கதையும் அதுதான்.

இந்த விதியை நமது முதியவர்களின் உடல்நிலையோடு வைத்துப் பாருங்கள். 2018-19இல் நாடு தழுவி நடந்த இலங்கைச் சுகாதார, முதுமை ஆய்வு, வயதுவந்தோரில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. கிட்டத்தட்ட நான்கு பேரில் ஒருவர். முதியவர்களிடையே இது இன்னும் கூடுதல் என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை, எந்த வீட்டிலும் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும். அதே முதியவர்கள்தான் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர்கள், கந்தசஷ்டி பிடிப்பவர்கள், நல்லூர்க் கொடியேறியதிலிருந்து 25 நாளும் வீட்டில் மீன் சட்டியை அடுப்பில் ஏற்றாதவர்கள், ஆடி அமாவாசைக்கும் சித்திரா பௌர்ணமிக்கும் தாய் தந்தையரை நினைத்து விரதமிருப்பவர்கள். சீனி வருத்தமும் விரதமும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. அந்த உடம்பைப் பார்த்து விமான நிறுவனம் கேட்கிறது: உனக்கு எது வேண்டும், விரதமா, வைத்தியமா?

எங்கள் அம்மாமார் எதைத் தெரிவார்கள் என்று நமக்குத் தெரியும். விரதத்தைத் தெரிவார்கள். வருவது வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குக் கறி, வெள்ளைப் பாண், பட்டர், இனிப்புப் புடிங், ஒரு கோப்பைப் பழச்சாறு. அதைச் சாப்பிட்டால் சீனி ஏறும். பிள்ளைகள் வற்புறுத்தி டி.பி.எம்.எல். போட்டிருந்தால், இறைச்சி பட்ட தட்டையே அவர்கள் தொடமாட்டார்கள். மருந்தைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சீனி இறங்கிவிடும். வியர்வையும் தலைச்சுற்றும் மயக்கமும் வரும். இன்சுலின் எடுப்பவருக்கு இது உயிரோடு விளையாடும் காரியம். நடு வானில், பக்கத்து இருக்கையில் முன்பின் அறியாத ஒருவர், சொந்த மொழி பேசாத பணியாளர். இந்த நிலையில் "எனக்கு என்னமோ செய்யுது" என்று சொல்லக்கூட அவர்கள் கூச்சப்படுவார்கள்.

விமான நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். வானத்தில் யாரும் சமைப்பதில்லை. தரையில் உள்ள சமையற்கூடத்தில் சமைத்து, வேகமாகக் குளிரூட்டி, 5 பாகை செல்சியஸுக்குக் கீழே வைத்திருந்து, விமானத்தில் சூடாக்கித் தருகிறார்கள். கட்டுநாயக்கவில் இந்த வேலையை ஸ்ரீலங்கன் விமான சேவையின் துணை நிறுவனமான ஸ்ரீலங்கன் கேட்டரிங் செய்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் விமானங்களுக்கும் அங்கிருந்துதான் தட்டுகள் ஏறுகின்றன. ஒவ்வொரு விசேடத் தட்டுக்கும் தனிச் சமையல், தனி அடையாளச் சீட்டு, இருக்கை எண். குறியீடுகளை இரண்டிரண்டாகச் சேர்க்க அனுமதித்தால் நூற்றுக்கணக்கான வகைகள் பெருகும், பிழைகளும் பெருகும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான்.

ஆனால் எல்லாச் சேர்க்கையையும் யாரும் கேட்கவில்லை. கேட்பது ஒன்றைத்தான்: முட்டையும் மச்சமும் இல்லாத நீரிழிவு உணவு. இதே துறை யூதர்களுக்கான கோஷர் உணவை எவ்வளவு சிரத்தையோடு கையாள்கிறது! மதக் கண்காணிப்பின் கீழ் தனியிடத்தில் சமைத்து, முத்திரையிட்டு மூடி, பயணியின் கண் முன்னே முத்திரையோடு கொண்டுவந்து வைக்கிறார்கள். ஒரு சமூகத்தின் நம்பிக்கைக்கு அப்படி மதிப்புக் கொடுப்பது போற்றத்தக்கது. அதைச் செய்ய முடிந்தவர்களுக்கு, கோழித் துண்டின் இடத்தில் அவித்த கடலையை வைப்பது முடியாத காரியமா?

அதிலும் இலங்கையின் சமையற்கூடத்துக்கு இது மிக எளிது. சிவப்பரிசி இடியப்பம், குரக்கன் புட்டு, பயறு, கௌபி, வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, பருப்பு, பாகற்காய். நீரிழிவுக்காரருக்கு வைத்தியர் சொல்லும் உணவில் பாதிக்கு மேல் நமது மரக்கறிச் சமையலிலேயே கிடக்கிறது. வெளிநாட்டுக் கூடங்களில் இதைத் தேட வேண்டியிருக்கும். கட்டுநாயக்கவுக்குக் கொட்டாஞ்சேனைச் சந்தையிலிருந்தே ஒரு லொறியில் போய்ச் சேரும்.

நமது சமையல் வானத்துக்கு ஏற்றது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. ஈரப்பதனோ 20 வீதத்துக்கும் கீழே. மூக்கு வறண்டு மணம் குறைகிறது. லுஃப்தான்சா நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃப்ராவுன்ஹோஃபர் நிறுவனம் 2010 அளவில் செய்த ஆய்வில், அந்தச் சூழலில் உப்புச் சுவை 20 முதல் 30 வீதம் வரையிலும் இனிப்பு 15 முதல் 20 வீதம் வரையிலும் குறைவாக உணரப்படுவது தெரிந்தது. இதை ஈடுசெய்ய உப்பைக் கூட்டினால் பிரஷர்காரரின் பாடு திண்டாட்டம். கொத்தமல்லி, சீரகம், மிளகு, புளி, கறிவேப்பிலை சேர்த்தால் உப்பைக் குறைத்தும் வாய்க்கு ருசியாகச் சாப்பிடலாம். கறியும் குழம்பும் இருந்தால் சூடாக்கும்போது சோறு வறண்டும் போகாது. வானத்துச் சமையலின் சிக்கலுக்கு நமது அடுப்படியில் பதில் இருக்கிறது. அதைக் கேட்க ஆள் இல்லை.

சரியான குறியீட்டைப் பதிந்துவிட்டால் மட்டும் தட்டு வந்துவிடாது. கொழும்பிலிருந்து டோஹா ஒரு பகுதி, டோஹாவிலிருந்து டொரண்டோ மற்றொரு பகுதி. கோரிக்கை ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகப் பதிவாக வேண்டும். இரண்டாவது விமானம் கூட்டாளி நிறுவனத்தினுடையது என்றால் அந்த நிறுவனமும் ஏற்றுக்கொள்ள வேண்டும். விமான நேரம் மாறி டிக்கெட்டை மறுபடி போடும்போது பழைய கோரிக்கை பல தடவை உதிர்ந்துபோகிறது. முகவரின் திரையில் "கேட்கப்பட்டது" என்று இருப்பதற்கும் "உறுதியானது" என்று இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கையில் தரப்படும் பயண விவரத் தாளில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான நிறுவனங்கள் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் கேட்கச் சொல்கின்றன. சில உணவுகளுக்கு 48 மணி நேரம் வேண்டும்.

கேட்டும் கிடைக்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரை நோக்கிவந்த ஒரு பயணமே சாட்சி. 2023 ஜூன் மாதக் கடைசியில், எண்பதைத் தாண்டிய ஒருவர் லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து டோஹா வழியாகக் கொழும்புக்குப் புறப்பட்டார். கண்டிப்பான மரக்கறிக்காரர், முன்பே மரக்கறி உணவு கேட்டிருந்தார். அது தீர்ந்துவிட்டது என்று சொல்லி இறைச்சி உள்ள தட்டைக் கொடுத்து, இறைச்சியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுமாறு பணியாளர் சொன்னதாகவும், அப்படிச் சாப்பிட முயன்றபோது அவருக்குப் புரையேறி மூச்சுத் திணறியதாகவும், ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் இறக்கப்பட்ட அவர் சில வாரங்களில் இறந்ததாகவும் குடும்பத்தினர் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு சொல்கிறது. இது ஒரு தரப்பின் குற்றச்சாட்டு. தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் "ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுங்கள்" என்ற சொல்லை நமது முதியவர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். வாழ்நாள் முழுதும் மச்சம் தொடாத ஒருவரிடம் சொல்லக்கூடாத சொல் அது.

பயணிகளான நம்மிடமும் ஒரு குறை இருக்கிறது. விசேட உணவு மற்றவர்களுக்கு முன்னால் பரிமாறப்படுகிறது. அதற்காகவே தேவையில்லாமல் ஏதோ ஒரு குறியீட்டைப் பதிந்துவிட்டு, பக்கத்துத் தட்டின் வாசனை பிடித்தவுடன் "எனக்கும் கோழி தாங்கோ" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தொடாமல் திரும்பிய தட்டை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. சர்வதேச விமானங்களின் உணவுக் கழிவைப் பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகள் நோய்ப் பயத்தால் எரிக்கவோ ஆழப் புதைக்கவோ செய்கின்றன. அதைவிடக் கவலை, இப்படிச் செய்பவர்களால் விசேட உணவு என்பதே பயணியின் சபலம் என்ற எண்ணம் பணியாளர் மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையிலேயே தேவைப்படுபவர் கேட்கும்போதும் அதே சலிப்போடு பதில் வருகிறது.

கையோடு கட்டிக்கொண்டு போகலாமே என்பார்கள். போகலாம், போகவும் வேண்டும். இட்லி, புட்டு, பருத்தித்துறை வடை, அவித்த கடலை போன்ற திடப் பொருள்களுக்குப் பாதுகாப்புச் சோதனையில் பொதுவாகத் தடை இல்லை. சொதி, சாம்பார், தயிர் எல்லாம் திரவக் கணக்கில் போகும்; 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட்டில் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்ட வெடிகுண்டுச் சதிக்குப் பிறகு வந்த 100 மில்லிலீற்றர் விதி இன்னும் பல விமான நிலையங்களில் நடைமுறையில் உள்ளது. மிச்சத்தை இறங்கும் நாட்டுக்குள் கொண்டுபோகாமல் விமானத்திலேயே முடித்துவிடுவது நல்லது. அவுஸ்திரேலியாவும் கனடாவும் உணவுப் பொருளை அறிவிக்காமல் கொண்டுவருபவரைத் தண்டிக்கின்றன. இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறையில் அது உறைந்து கெட்டுவிடக்கூடும். ஆனால் கட்டுச்சோறு முன்னெச்சரிக்கை மட்டுமே. டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் சாப்பாட்டுக்கான பணமும் அடங்கியிருக்கிறது. வானத்தில் பசியாறுவது பயணியின் உரிமை.

கேட்டால் நடக்கும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2018 ஜூலையில் எமிரேட்ஸ் நிறுவனம் இந்து அசைவ உணவான எச்.என்.எம்.எல்.-ஐ நிறுத்தப்போவதாக அறிவித்தது. பயணிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில நாட்களுக்குள் அந்த முடிவு கைவிடப்பட்டது. உலகின் மிகப்பெரிய நிறுவனங்களில் ஒன்றே பயணியின் குரலுக்குப் பணிந்தது. நாம் குரல் எழுப்புகிறோமா என்பதுதான் கேள்வி. வீட்டுக்கு வந்து "சாப்பாடு சரியில்லை" என்று சொல்லிவிட்டு விடுவதுதான் நமது வழக்கம். எழுத்தில் ஒரு முறைப்பாடு போவதில்லை.

ஸ்ரீலங்கன் விமான சேவை அரசுக்குச் சொந்தமானது. 1979இல் ஏர் லங்காவாகத் தொடங்கிய நாளிலிருந்து இந்த நாட்டு மக்கள் எல்லோரும் அதற்குப் பங்காளிகள். அதன் நட்டத்தையும் பல ஆண்டுகளாக மக்களே சுமக்கிறார்கள். மச்சமில்லாத நீரிழிவு உணவைக் கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் தன் நெடுந்தூர விமானங்களில் முதலில் அதுவே அறிமுகப்படுத்த வேண்டும். லண்டன், பாரிஸ், மெல்பர்ன் விமானங்களில் தொடங்கட்டும். விசேட உணவுகளின் பெயரையும் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதையும் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே தாளில் அச்சிட்டு முகவர் நிலையங்களுக்கு அனுப்பட்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை.

முகவர்களிடம் ஒரு வேண்டுகோள். "வெஜ் தானே?" என்பதோடு நிறுத்தாதீர்கள். முட்டை சேருமா, பால் சேருமா, சீனி வருத்தம் இருக்கிறதா, பயண நாள் விரத நாளா என்ற நான்கு கேள்விகளைக் கூடக் கேளுங்கள். பிள்ளைகளே, அந்தக் கேள்விகளுக்கு அம்மாவையே பதில் சொல்ல விடுங்கள். பதிந்தது எல்லாப் பகுதிகளுக்கும் உறுதியாகியிருக்கிறதா என்று பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு விமான நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள். தட்டு பிழையாக வந்தால், இறங்கிய அன்றே விமான இலக்கத்தையும் இருக்கை எண்ணையும் குறிப்பிட்டு எழுத்தில் முறையிடுங்கள்.